குழி ஓரிடம், வறட்சி வேறிடம்: சுரங்கமும் ஆற்றுப் படுகையின் தண்ணீரும்

அழகர் ஆற்றில் இறங்குவதற்காக வைகை அணையில் தண்ணீர் திறக்கும்போதெல்லாம் மதுரையில் ஒரே கேள்விதான்: தண்ணீர் எப்போது வந்து சேரும்? மதகைத் திறந்த நேரம் தெரியும், தொலைவும் தெரியும். ஆனாலும் ஆறு நெடுநாள் காய்ந்து கிடந்த ஆண்டில் கணக்கு தவறிவிடும். தண்ணீரின் தலை ஊர்ந்து ஊர்ந்துதான் வரும். முதலில் மணல் குடிக்க வேண்டும். அதன் வயிறு நிறைந்த பிறகுதான் மேலே ஓட்டம்.

சோழவந்தான் பக்கம் ஆற்றங்கரையில் என் பெரியப்பாவுக்குக் கொஞ்சம் தென்னையும் கொஞ்சம் நெல் வயலும் உண்டு. கிணற்றின் உள்சுவரில் சுண்ணாம்பால் கோடு போட்டுப் பக்கத்தில் ஆண்டை எழுதி வைப்பது அவர் வழக்கம். ஆற்றில் தண்ணீர் ஓடத் தொடங்கிச் சில நாள் கழித்துக் கிணற்று மட்டம் மெல்ல ஏறும். "ஆறு வந்துவிட்டது என்று ஊரே பேசுகிறது, என் கிணற்றுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை" என்று அவர் சொல்லும்போது சிறுவனான எனக்குப் புரிந்ததில்லை. ஆறு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மட்டும் ஓடுவதில்லை, கரைக்கு அடியிலும் ஓடுகிறது என்று அவர் அறிந்திருந்தார். கீழடியில் சுடுமண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிணறு இறக்கியவர்களும் அறிந்திருந்தார்கள். வைகைக்கரையில் கொஞ்சம் தோண்டினால் போதும், ஊற்று கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாமல் யாரும் உறைகிணறு இறக்கமாட்டார்கள்.

ஆறு காலங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்த மணலும் சரளையும் வண்டலும் சேர்ந்த அந்த நிலத்துக்குத் தமிழில் படுகை என்று பெயர். மதுரை மாவட்டத்தின் பெரும்பகுதி கடினப்பாறை நிலம். கிணற்றுத் தண்ணீர் பாறையின் மேல்பகுதி மக்கிய அடுக்கிலும் அதன் கீழுள்ள வெடிப்புகளிலும் கிடைப்பதுதான். இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அந்தப் பாறை நாட்டின் நடுவே வைகை ஓரமாக ஒடுங்கிய நாடா போல ஓடுவது படுகை நிலம். சோழவந்தான் வெற்றிலையும் தென்னையும் நெல்லும் அதை நம்பித்தான் இருக்கின்றன. மண்ணுக்குள் இருக்கும் இந்தத் தண்ணீருக்குச் சுரங்கமும் குவாரியும் என்ன செய்கின்றன என்பதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

மதுரையில் நிலக்கரி இல்லை. ஆனாலும் நிலக்கரியிலிருந்து தொடங்குகிறேன். படுகை நிலத்தில் தோண்டினால் கிணறுகளுக்கும் வயல்களுக்கும் என்ன ஆகும் என்பதை உலகம் நெடுங்காலமாகப் பார்த்து, அளந்து, வழக்காடி, சட்டமும் எழுதியிருப்பது நிலக்கரி விஷயத்தில்தான். தோண்டி எடுப்பது கரியோ கல்லோ மணலோ, தண்ணீருக்கு அந்த வேறுபாடு தெரியாது.

குழி என்பது ஒரு வடிகால்

ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டி விளையாடிய எவருக்கும் இது தெரியும். கையால் ஒரு குழி பறித்தால் நீர் கசிந்து நிறையும். அருகில் வேறொருவர் அதைவிட ஆழமாகப் பறித்தால் முதல் குழியின் நீர் இறங்கிவிடும். நிலக்கரிச் சுரங்கம் செய்வதும் இதுதான், அளவு மட்டும் வேறு.

கரிக்கு மேலே உள்ள மண்ணையும் பாறையையும் அகற்றித் திறந்தவெளியில் வெட்டும் சுரங்கம் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போனதும் நாலாபக்கத்திலிருந்தும் நீர் குழியை நோக்கித் திரும்புகிறது. வேலை நடக்க வேண்டுமென்றால் குழி காய்ந்திருக்க வேண்டும். ஆகவே இரவு பகலாகப் பம்பு ஓடும். இறைக்க இறைக்க, குழியைச் சுற்றிலும் நீர்மட்டம் புனலைப் போலச் சரிகிறது. குழியின் விளிம்பில் சரிவு ஆழம். விலகிப் போகப் போகக் குறையும். ஆனால் அந்தப் புனலின் வாய் எங்கே முடிகிறது என்பதைச் சுரங்கக் குத்தகை வரைபடம் சொல்லாது. மண்ணின் தன்மைதான் அதை முடிவு செய்யும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. மேலே திறந்திருக்கும் ஆற்றுமணலில் நீர்மட்டம் இறங்குவதென்றால் மணல் துளைகளிலிருந்து உண்மையிலேயே நீர் வடிய வேண்டும். எனவே தாக்கம் மெதுவாகப் பரவும், ஆனால் இழக்கும் நீரின் அளவு பெரிது. ஆழத்தில் இரண்டு களிமண் அடுக்குகளுக்கு நடுவே அழுத்தத்தோடு சிறைப்பட்டிருக்கும் நீர் அப்படியன்று. ஓரிடத்தில் அழுத்தத்தைக் குறைத்தால் பல கிலோமீட்டர் தள்ளியுள்ள கிணற்றிலும் மட்டம் விரைவாக இறங்கும். பல நாடுகளில் நிலக்கரி அடுக்கே இப்படி நீர் தாங்கும் அடுக்காக இருக்கிறது. அமெரிக்காவின் வயோமிங், மொன்டானா மாநிலங்களில் மாடு வளர்ப்போர் கரி அடுக்குக்குள் இறக்கிய கிணறுகளிலிருந்துதான் கால்நடைக்குத் தண்ணீர் எடுத்தார்கள். கரியை வெட்டினால் அவர்களுடைய நீர்த்தாங்கியையே வெட்டுவதாகிறது.

படுகைக்கு அடியிலுள்ள கரி அடுக்கை வடித்துவிட்டால், மேலே உள்ள வண்டலின் நீரும் கீழ்நோக்கிக் கசியத் தொடங்கும். ஆற்றை யாரும் தொடவில்லை, கரையில் ஒரு மண்வெட்டிகூட விழவில்லை. ஆனாலும் கரையோரக் கிணறு இறங்குகிறது. கோடையில் படுகையிலிருந்து ஊறிவரும் நீரால்தான் ஆறு ஓடுகிறதென்றால் அந்த ஊற்று நின்றுவிடும். அதற்குப் பிறகு ஆறு நிலத்துக்கு நீர் கொடுக்க வேண்டியதாகிறது. வாங்கி வந்த ஆறு கொடுக்கும் ஆறாக மாறி, விரைவில் காயும்.

ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் இறங்கினால் என்ன குடிமுழுகிவிடும் என்று அலுவலகத்தில் உட்கார்ந்து கேட்பவர்கள் உண்டு. வயலில் நின்று பார்த்தால் தெரியும். கிணற்றின் மேலே வைத்த சாதாரண மோட்டார் ஏறத்தாழ 7 மீட்டர் ஆழத்திலிருந்துதான் நீரை உறிஞ்ச முடியும். காற்றழுத்தம் விதிக்கும் எல்லை அது. மட்டம் அதற்குக் கீழே ஒரு மீட்டர் போனால் மோட்டார் காற்றை இழுக்கும். மோட்டாரைக் கிணற்றுக்குள் படிமேல் இறக்க வேண்டும். இன்னும் இறங்கினால் நீர்மூழ்கி மோட்டார், புதிய குழாய், புதிய கேபிள். அதற்கும் கீழே போனால் போர் போட வேண்டும்; வண்டலைத் தாண்டினால் பாறை, பாறையில் தண்ணீர் அகப்படுவது அதிர்ஷ்டம். விஞ்ஞானியின் வரைபடத்தில் ஒரு சின்னக் கோடு இறங்கினால் சிறு விவசாயியின் வீட்டில் நகை அடகுக்குப் போகிறது.

நீர்மட்டம் ஆழமில்லாத படுகையில் இன்னொன்றும் நடக்கிறது. பயிரும் மரமும் நாம் பாய்ச்சும் நீரை மட்டும் குடிப்பதில்லை. அடியிலிருந்து மேலேறும் ஈரத்தை வேர் எடுத்துக்கொள்கிறது. கரையோரத் தோப்பு கடுங்கோடையிலும் பச்சையாக நிற்பதன் காரணம் இதுதான். இதை அடிநீர்ப் பாசனம் என்று சொல்லலாம். மட்டம் வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கும்போது எந்தக் கணக்கிலும் வராமலே இந்தப் பாசனம் நின்றுபோகிறது.

மூடிய பிறகு வரும் சிக்கல்

"கரியை எடுத்த பிறகு குழியை மூடிவிடுவோம், பழையபடி விவசாயம் நடக்கும்" என்பது சுரங்கத் தரப்பின் வழக்கமான வாக்குறுதி. பொய் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது. மேல்மண்ணைத் தனியே எடுத்து வைத்து, சீராக நிரப்பி, பல ஆண்டு பேணினால் மேலே பயிர் விளையத்தான் செய்யும். ஆனால் அடியில் இருந்த ஒழுங்கை யாரும் திரும்பக் கட்ட முடியாது.

படுகை என்பது வெறும் மண்குவியல் அன்று. அடியில் சரளை, மேலே பருமணல், அதன்மேல் நுண்மணல், நடுவே களிமண் படலங்கள், எல்லாவற்றுக்கும் மேல் வண்டல் என்று ஆறு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கியது. எந்த அடுக்கு நீரை ஓடவிடும், எது தடுத்து நிறுத்தும் என்பதெல்லாம் அந்த வரிசையில் இருக்கிறது. வெட்டி எடுத்த மண்ணையும் உடைத்த பாறையையும் கலந்து கொட்டினால் குழி நிரம்பும், வரிசை வராது. நீர் மறுபடி ஏறப் பல பத்தாண்டுகள் ஆகலாம். ஏறும் நீரும் பழைய நீராக இருக்காது.

ஆழத்தில் காற்றே படாமல் கிடந்த பாறை உடைந்து மேலே வந்ததும் அதிலுள்ள கனிமங்கள் காற்றோடும் நீரோடும் வினைபுரிகின்றன. இரும்புச் சல்பைடு மிகுந்த கரியானால் கந்தக அமிலம் உண்டாகும். மேகாலயாவின் ஜெயின்டியா மலைகளில் ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு ஒடுங்கிய எலிவளைச் சுரங்கங்கள் ஆறுகளை அமிலமாக்கியது இப்படித்தான். அங்கே அவ்வகைச் சுரங்கத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-இல் தடைசெய்தது. மழை குறைந்த நாடுகளில் அமிலத்தைவிட உப்புத்தான் பெரிய தொல்லை. உடைந்த பாறையின் ஊடாக ஊறும் நீரில் சல்பேட்டும் சோடியமும் கரைந்து, அருகிலுள்ள படுகை நீருக்குள் மெல்ல நகரும்.

மேலூர், திருமங்கலம் பக்கத்தில் உவர்நிலம் வைத்திருப்பவருக்குச் சோடியத்தைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பாசன நீரில் சோடியம் மிகுந்தால் களிமண் துகள்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும். மழை பெய்தால் நீர் உள்ளே இறங்காது, காய்ந்தால் தரை ஓடுபோல இறுகும். களர் என்று சொல்வது இதைத்தான். ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் விட்டு, வடித்தெடுத்தால் சரிசெய்யலாம். ஆனால் அந்த நல்ல தண்ணீர் எங்கிருந்து வரும்? இருந்த கிணற்று நீர்தானே கெட்டுப்போயிருக்கிறது!

கடைசி வெட்டுக்குழியை நிரப்ப மண் போதாமல் அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. அது பெரிய குளமாகும். பார்ப்பதற்கு அழகாக இருக்கும். ஆனால் வெயிலில் ஆவியாகும் நீரை ஈடுகட்டச் சுற்றுப்புற நிலத்தடி நீரை என்றைக்கும் இழுத்துக்கொண்டே இருக்கும்; ஆவியாகும்போது உப்பு மட்டும் தங்கி, ஆண்டுக்கு ஆண்டு கடுமையாகும்.

அமெரிக்கா எழுதிய ஒரு வரி

1977 ஆகஸ்ட் 3 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சுரங்கக் கட்டுப்பாட்டு, நிலச் சீரமைப்புச் சட்டத்தில் படுகை நிலத்துக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. நூறாவது மேற்குத் தீர்க்கரேகைக்கு மேற்கே, அதாவது மழை குறைந்த பாதி நாட்டில், ஆறு படியவைத்த பள்ளத்தாக்குத் தரையில் பாசனத்தாலோ அடிநீராலோ நடக்கும் விவசாயத்தை நிலக்கரிச் சுரங்கம் இடைநிறுத்தவோ, முடிவுக்குக் கொண்டுவரவோ, தடுக்கவோ கூடாது என்கிறது அது.

ஏன் மேற்குக்கு மட்டும்? அந்த வறண்ட புல்வெளி நாட்டில் ஓடையோரத்து ஒடுங்கிய படுகையில்தான் குளிர்காலத்துக்கு உலர்த்தி வைக்கும் தீவனப் புல் விளைகிறது. மேட்டுநிலம் ஆயிரம் ஏக்கர் இருந்தாலும், படுகையில் உள்ள சில ஏக்கர் போய்விட்டால் மாட்டுப்பண்ணை முழுவதும் போய்விடும். பரப்பளவைப் பார்த்தால் சிறு துண்டு. பிழைப்பைப் பார்த்தால் அதுதான் எல்லாம். கடினப்பாறை நாட்டுக்கு நடுவே வைகை ஓரம் ஓடும் நாடாவும் அப்படிப்பட்டதுதானே?

அந்தச் சட்டத்தின் அடுத்த வரி எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. அந்தப் படுகைக்கு நீர் கொடுக்கும் நிலமேல், நிலத்தடி நீரமைப்புகளின் அளவுக்கோ தரத்துக்கோ பெருஞ்சேதம் விளைவிக்கக் கூடாது என்கிறது அது. அதாவது சுரங்கம் படுகைக்குள் இருந்தால்தான் கேள்வி என்று அது விட்டுவிடவில்லை. மேட்டில் வெட்டினாலும், அங்கிருந்து படுகைக்கு வரும் நீர் பாதிக்கப்பட்டால் அனுமதி இல்லை. குழியின் எல்லையை விட்டுவிட்டுத் தண்ணீரின் பாதையைச் சட்டத்தின் அளவுகோலாக்கிய இந்த வரியை நம் ஊரில் பலமுறை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சட்டத்தில் விலக்குகளும் உண்டு. விவசாயத்துக்கு முக்கியமில்லாத மேய்ச்சல் தரை, மிகச் சிறிய பரப்பு, சட்டம் வருமுன்பே நடந்துகொண்டிருந்த சுரங்கங்கள் ஆகியவை தப்பித்தன. ஆனாலும் அனுமதி கேட்பவர், நீர்நிலைமைக்கு என்ன விளையும் என்பதை முன்கூட்டியே கணித்துத் தர வேண்டும். திறந்தவெளிச் சுரங்கத்தால் ஒரு விவசாயியின் நீர் குறைந்தாலோ கெட்டாலோ நின்றாலோ மாற்று நீர் தர வேண்டியது சுரங்கக்காரரின் கடமை. சீரமைப்புக்கு முன்பணமும் கட்ட வேண்டும்; ஆண்டு மழை 26 அங்குலத்துக்கு மேற்படாத இடங்களில் நிலம் திருந்தியதா என்பதற்குப் பத்தாண்டுப் பொறுப்பு.

ஆஸ்திரேலியாவின் லிவர்பூல் சமவெளியில் கதை வேறு வழியில் முடிந்தது. கரிசல் மண்ணும் அதன் அடியில் வண்டல் நீரும் உள்ள அந்த விவசாய நாட்டில் சீனாவின் ஷென்ஹுவா நிறுவனத்துக்கு நிலக்கரி தேடும் உரிமம் கொடுத்துவிட்டு, பல ஆண்டு எதிர்ப்புக்குப் பிறகு 2021-இல் மாநில அரசு 10 கோடி ஆஸ்திரேலிய டாலர் கொடுத்துத் திட்டத்தை முடித்துக்கொண்டது. கொடுக்குமுன் யோசித்திருந்தால் செலவு மிச்சம்.

நெய்வேலியில் கண்டது

நம் மாநிலத்தில் இதைப் பார்க்க வேண்டுமானால் நெய்வேலிக்குப் போக வேண்டும். கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வருகிறது என்று தொடங்கிய கண்டுபிடிப்பு அது. தண்ணீரைத் தேடித்தான் பழுப்பு நிலக்கரியைக் கண்டார்கள். இன்று என்.எல்.சி. என்று அழைக்கப்படும் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-இல் உருவாகி, அடுத்த ஆண்டு வெட்டத் தொடங்கியது.

நெய்வேலியில் கரி அடுக்குக்குக் கீழே அழுத்தத்தோடு நீர் நிற்கிறது. எண்ணிப் பாருங்கள்: நீரின் அழுத்தம் கரியின் அடிப்பகுதிக்கு மேல் 60 மீட்டர் உயரத்துக்கு எழும்பும் அளவில் இருந்தால், குழியின் தரையை ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 6 கிலோ எடை கீழிருந்து மேலே தள்ளுகிறது என்று பொருள். மேலே இருந்த மண்பாரத்தை அகற்றிவிட்டால் தரை வெடித்து நீர் பீறிடும். ஆகவே குழாய்க் கிணறுகளால் ஓயாமல் இறைத்து அந்த அழுத்தத்தைத் தணித்துக்கொண்டே இருக்க வேண்டும். சுரங்கம் இருக்கும்வரை இறைப்பும் இருக்கும். ஒரு காலத்தில் குழாயிறக்கினால் தானாகவே நீர் மேலே வந்த ஊர்களில் இன்று ஆழத்திலிருந்து மோட்டார் வைத்து இழுக்கிறார்கள்.

இறைத்த நீர் வீணாகவில்லை, அனல்மின் நிலையத்துக்கும் ஊருக்கும் பயன்படுகிறது, ஏரிகளுக்கும் விடுகிறோம் என்று சொல்லப்படுகிறது. உண்மைதான், வாலாஜா ஏரிக்குப் போகும் சுரங்க நீரால் பாசனம் நடக்கிறது. ஆனால் அந்த விவசாயி இனிச் சுரங்கத்தின் பம்பை நம்பி நாற்று விட வேண்டும். தன் கிணற்றை நம்பியிருந்தவரைப் பிறர் இறைக்கும் நீருக்குக் காத்திருக்கச் செய்திருக்கிறோம். 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கிப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டிய படங்களைப் பார்த்தபோது நெஞ்சு பதறியது. நாற்று விட்டு வளர்த்தவர்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதே ஆண்டு மார்ச்சில் ஏலத்துக்கு அறிவித்த நிலக்கரி வட்டாரங்களில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய மூன்றும் இருந்தன. எதிர்ப்பு எழுந்ததும் ஏப்ரலில் அவற்றைக் கைவிட்டார்கள். காவிரிப் படுகைக்கு 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் என்ற பிடிமானமாவது இருந்தது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள், அவற்றோடு கடலூரிலும் புதுக்கோட்டையிலும் சில வட்டாரங்கள் என்று நிற்கிறது அந்தச் சட்டம். வைகைக்கு அப்படி எதுவும் இல்லை.

வைகையில் பாத்திரமே போய்விட்டது

நிலக்கரிச் சுரங்கம் நீர்த்தாங்கியிலிருந்து நீரை வடிக்கிறது என்றால், மணல் குவாரி நீர்த்தாங்கியையே லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறது. படுகையின் பாத்திரமே மணல்தான். ஒரு சிறு கணக்குப் போடலாம். பருமணலில் வடிந்து கிடைக்கக்கூடிய நீர் அதன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கர் ஆற்றுப்பரப்பில் ஒரு மீட்டர் மணலை அள்ளினால் ஏறத்தாழ 8 லட்சம் லிட்டர் தங்கும் இடம் போகிறது. 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் அது 67 லோடு. ஒருமுறை போவதோடு நிற்பதில்லை. ஆற்றில் தண்ணீர் வரும் ஒவ்வொரு முறையும் அந்த 67 லோடு தங்க இடமின்றி ஓடிப்போகும்.

வெள்ளம் வந்தால் மணல் மறுபடி சேர்ந்துவிடும் என்று சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 1959-இல் வைகை அணை வந்தது. அதற்கு மேலே வருசநாட்டு மலையிலிருந்து உருண்டு வரும் மணலில் பெரும்பங்கு அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. கீழே கிளையாறுகள் கொண்டுவருவது சொற்பம். மதுரையில் ஆற்றில் கிடந்த மணல் நம் முன்னோர் காலத்து இருப்பு. செலவழித்தால் வரவு இல்லை. (ஜார்க்கண்டின் ஜாரியா, மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கங்களில் கரியெடுத்த வெற்றிடத்தை நிரப்பத் தாமோதர் ஆற்று மணலை அள்ளிக் கொட்டினார்கள். ஒரு சுரங்கத்துக்கு ஆற்றின் மணலும் இரையானது.)

ஆற்றின் தரை தாழ்ந்ததால் வந்த இன்னொரு கேடு கண்மாய்களுக்கு. வைகையிலிருந்து கண்மாய்க்குப் பிரியும் கால்வாயின் தலைவாய், ஆற்றின் பழைய மட்டத்தை வைத்துக் கட்டியது. தரை கீழே போய்விட்டால் ஆற்றில் தண்ணீர் ஓடும்போதும் கால்வாய்க்குள் ஏறாது. கரையில் நின்று தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டே கண்மாய் காய்கிறது. கீழே திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடிக்காரர்களுக்கு இது பழகிப்போன வேதனை.

மேலூரில் கதை பாறையில் நடந்தது. கீழவளவு, கீழையூர் பகுதிகளின் கிரானைட் குவாரிகளைப் பற்றி 2012-இல் மாவட்ட ஆட்சியராக இருந்த உ.சகாயத்தின் அறிக்கை வெளிவந்தது. 2014-இல் உயர்நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராக நியமித்தது; 2015 நவம்பரில் அவர் அறிக்கை கொடுத்தார். அப்போது பேச்செல்லாம் அரசுக்கு எத்தனை கோடி இழப்பு என்பதைச் சுற்றியே இருந்தது. கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்களில் கொட்டிய கழிவுக்கற்களுக்கும் மண் மேவிய கண்மாய்களுக்கும் விலை போட்டவர் குறைவு. பெரியாறு பாசனத்தின் கடைமடையில், 85,563 ஏக்கர் ஒருபோகப் பரப்பில் அமைந்த நாடு மேலூர். இங்கே ஒரு வரத்துக்கால் அடைபட்டால் ஒரு போகமும் போகும்.

பாறை நாட்டில் குழியின் தாக்கம் வட்டமாகப் பரவாது. வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையில் மட்டும் ஓடும். பக்கத்துக் கிணறு நிறைந்திருக்க, தொலைவில் உள்ள கிணறு வற்றும். எனவே பாதிப்பை நிறுவுவது விவசாயிக்கு மிகக் கடினம். "மழை இல்லை, அதனால் வற்றியது" என்று சொல்லி முடித்துவிடலாம்.

இதையெல்லாம் பார்த்திருந்ததால்தான் அரிட்டாபட்டிக்கு வந்த ஆபத்தை அந்த ஊர்கள் உடனே புரிந்துகொண்டன என்று நினைக்கிறேன். 2024 நவம்பர் 7 அன்று நாயக்கர்பட்டி டங்ஸ்டன் வட்டாரத்தின் ஏலத்தில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானது. 2,015.51 ஹெக்டேர், ஏறத்தாழ 5,000 ஏக்கர். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவித்த அரிட்டாபட்டியும் அதற்குள் இருந்தது. அந்த அறிவிப்பிலேயே ஏழு குன்றுகளின் நீர்ப்பிடிப்பு 72 ஏரிகளையும் 200 சுனைகளையும் 3 தடுப்பணைகளையும் பேணுவதாகச் சொல்லியிருக்கிறது. மொட்டைப் பாறைக்குன்று மழையை உள்ளே வைத்துக்கொள்ளாது. வழித்து அடிவாரத்துக்கு அனுப்பும். அடிவாரத்து மக்கிய மண் அதைப் பிடிக்கும்; கண்மாய் மீதியைப் பிடிக்கும்; அந்தக் கண்மாயின் கலுங்கு மிகைநீரை அடுத்த கண்மாய்க்கு விடும். குன்றை விட்டுவிட்டு அடிவாரத்தை வெட்டினாலும் சங்கிலி அறுந்துவிடும். பாரம்பரியத் தலம் மட்டும் 193 ஹெக்டேர், அதை மட்டும் விலக்கிவிடலாம் என்ற யோசனை வந்தபோது மக்கள் ஏற்கவில்லை. அவர்கள் கண்மாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அறிந்தவர்கள். டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது, 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பகுதி மக்கள் மதுரைக்குப் பேரணியாக வந்தார்கள், ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

ஏலம் ரத்தானது, ஏலம் வர வழிசெய்த ஏற்பாடு அப்படியே இருக்கிறது. 2023 திருத்தத்துக்குப் பிறகு இவ்வகை முக்கியக் கனிமங்களின் ஏலம் ஒன்றிய அரசின் கையில். சுற்றுச்சூழல் அனுமதிக்கான ஆய்வில் பெரிய சுரங்கங்களைச் சுற்றி 10 கிலோமீட்டர் வரை பார்க்கும் வழக்கம் உண்டு. ஆனால் அது கவராயத்தால் வரைந்த வட்டம். கண்மாய்ச் சங்கிலி வட்டமாகப் போவதில்லை. 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் மேட்டுக் காடு தாக்கமே இல்லாமல் இருக்கலாம், 15 கிலோமீட்டருக்கு அப்பால் அதே வரத்தின் கடைசிக் கண்மாய் வற்றலாம். இந்த நீர் யாருடைய நிலத்துக்குப் போகிறது, அந்த நிலத்தில் என்ன விளைகிறது என்ற கேள்வியை முதல் பக்கத்திலேயே எழுதி, அதற்குப் பதில் இல்லாவிட்டால் இரண்டாம் பக்கத்துக்குப் போகக்கூடாது என்று நம் சட்டமும் சொல்ல வேண்டும். 1977-இல் மாட்டுக்காரர்களின் தீவனப் புல்லுக்காக ஒரு நாடு இதைச் செய்ய முடிந்திருக்கிறது. நெல்லுக்காக நாம் செய்ய முடியாதா?

சட்டம் வரும்வரை ஊர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு, அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். சுரங்கம் வந்த பிறகு கிணறு வற்றியது என்று சொல்ல, வருவதற்கு முன் கிணறு எப்படி இருந்தது என்ற கணக்கு வேண்டும். அது பெரும்பாலும் யாரிடமும் இல்லை. கிணற்று விளிம்பில் மாறாத ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு, கயிற்றில் கல் கட்டி இறக்கி, நனைந்த இடம்வரை அளக்க வேண்டும். காலையில், மோட்டார் போடுவதற்கு முன். மாதம் ஒருமுறை, அதே தேதியில். ஊருக்கு ஐந்து கிணறு போதும்: ஆற்றோரம் ஒன்று, கண்மாய்க்குக் கீழே ஒன்று, மேட்டில் ஒன்று, குன்றடியில் ஒன்று, கடைமடையில் ஒன்று. பக்கத்தில் மழை அளவையும் அணை திறந்த நாளையும் எழுதினால் மழையால் வந்த இறக்கம் எது, வேறெதனாலோ வந்தது எது என்று பிரித்துப் பார்க்க முடியும். ஆண்டுக்கு இருமுறை ஒரு பாட்டிலில் நீரெடுத்து வேளாண்துறையின் மண் ஆய்வுக்கூடத்தில் உப்பும் சோடியமும் பார்த்து, அந்தச் சீட்டையும் நோட்டில் ஒட்டி வைக்கலாம்.

பெரியப்பாவின் கிணற்றில் பழைய கோடுகள் சில இன்னும் தெரிகின்றன. போன முறை போனபோது டேப்பை எடுத்துப்போய் ஒவ்வொன்றையும் விளிம்பிலிருந்து அளந்து நோட்டில் எழுதிக்கொண்டேன். கடைசிக் கோட்டுக்கும் அன்றைய நீர்மட்டத்துக்கும் இடையே பதினொரு அடி. அவர் மோட்டார் இப்போது கிணற்றுக்குள் இரண்டாவது படியில் இருக்கிறது.